பிஎஸ்5 டிஸ்க் மொடலா, டிவிக்குக் கீழ ஒரு பிசியா? டிஸ்க் வாங்கிறதில இன்னும் பிரயோசனம் இருக்கா?

உப்புவெளிக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். டிவிக்கு ஒண்டு எடுக்கோணும், மகனுக்கு எண்டு வீட்டில சொல்லியிருக்கிறன், அவனுக்கு 11 வயசு, ஆனா விளையாடப்போறது பாதி நான்தான் எண்டு மனுசிக்கும் தெரியும். கையில இருக்கிற காசுக்கு ஒண்டுதான் எடுக்கேலும், அதாலதான் இவ்வளவு யோசனை. ஒரு பக்கம் பிஎஸ்5, அதுதான் சோனியின்ர பிளேஸ்டேஷன் 5, டிஸ்க் போடுற மொடல். மற்றப் பக்கம் ஸ்டீம் எண்ட ஓன்லைன் பிசி கேம் கடைய நடத்துற வால்வ்காரங்க 2025 நவம்பர்ல அறிவிச்ச ஸ்டீம் மெஷின், இல்லாட்டி அதே மாதிரி ஒரு சின்னப் பிசிய இங்கயே பூட்டுவிச்சு டிவிக்குக் கீழ வைக்கிறது.

எனக்குக் கிராபிக்ஸ் பிரச்சினை இல்ல, 4கேயும் வேணாம். டிஸ்க்தான் பிரச்சினை. எங்கட காலத்தில ஒரு கேம் வாங்கினா கையில இருக்கும், மச்சானுக்குக் குடுக்கலாம், லீவுக்கு மூதூருக்குக் கொண்டுபோய் சின்னம்மா வீட்டில போடலாம், அலுத்துப்போனா விக்கலாம். இப்ப பாத்தா 2024ல வந்த பிஎஸ்5 ப்ரோ டிஸ்க் ட்ரைவே இல்லாம வந்திருக்கு, அப்ப 700 டொலர் குடுத்தவன் ட்ரைவுக்கு வேற 80 டொலர் குடுக்கவேண்டி இருந்ததாம். மைக்ரோசொஃப்ட்டின்ர எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் எஸ்ஸில டிஸ்க் போட ஓட்டையே இல்ல. பிசிக்காரர் டிஸ்க்க மறந்து எத்தினையோ வருஷம்.

அதால ரெண்டு விஷயம் கேக்கிறன். பிஎஸ்5க்கு டிஸ்க் வாங்கினா அது உண்மையிலயே என்ர சாமானோ, இல்ல வெறும் பெட்டியும் படமுமோ? மற்றது, ஸ்டீம்ல வாங்கின கேம் இன்னும் பத்துப் பதினைஞ்சு வருஷத்தில இவன் வளந்து கேக்கேக்க இருக்குமோ? எங்கட ஒழுங்கைக்கு இன்னும் ஃபைபர் வரேல்ல, 4ஜி ரவுட்டர்தான், ஒரு கேம் 100 ஜிபி எண்டா இரவு டேட்டாவில கிடந்து இழுக்கோணும், அதையும் யோசிச்சுச் சொல்லுங்க. விண்டோசா லினக்ஸா எண்ட சண்டைய வேற இடத்தில வச்சுக்கொள்ளுங்க, புண்ணியமாப் போகும்.


சோல்டரிங்_மாமா:

தம்பி, கொன்சோல் வேற பிசி வேற எண்டு நீர் பிரிச்சுப் பாக்கிறீர், அது அழிஞ்சு கனகாலம். 2001ல வந்த முதல் எக்ஸ்பொக்ஸைக் கழட்டினா உள்ளுக்கு இன்டெல் பென்டியம் 3 வகைச் சிப், 733 மெகாஹேர்ட்ஸ், என்விடியா கிராபிக்ஸ், 8 ஜிபி ஹார்ட் டிஸ்க். அப்பட்டமான பிசி. இடையில பிஎஸ்3 செல் எண்டு ஒரு சிப்போட தனி வழியில போய் கேம் செய்யிறவங்கள அழ வச்சது, பிறகு 2013ல பிஎஸ்4, எக்ஸ்பொக்ஸ் வன் ரெண்டுமே ஏஎம்டியின்ர ஜாகுவார் சிப், 8 கோர், 2020ல பிஎஸ்5, சீரிஸ் எக்ஸ் ரெண்டுமே ஏஎம்டியின்ர சென் 2 சிப். இந்த ரெண்டு கொம்பனியின்ர பெட்டியும் இப்ப ஒரே வம்சம்தான், மேல இருக்கிற கடைதான் வேற வேற ஆளின்ர.

ஸ்டீம் மெஷின் எண்ட பேரும் புதுசில்ல. 2015ல வேற கொம்பனியளக் கொண்டு ஒருக்கா செய்விச்சவங்க, அப்ப லினக்ஸில ஓடுற கேம் குறைவு, வந்த வேகத்தில படுத்திட்டுது. 2018ல புரோட்டோன் எண்ட வால்வின்ர மென்பொருள் வந்த பிறகுதான் விண்டோஸ் கேமெல்லாம் லினக்ஸில ஓடத் தொடங்கினது, அதை நம்பி 2022ல ஸ்டீம் டெக் எண்ட கையடக்கப் பிசிய விட்டாங்க, அது நல்லாப் போனபடியாத்தான் இப்ப இந்தப் பெட்டி. சென் 4ல 6 கோர், 16 ஜிபி ராம், கிராபிக்ஸுக்குத் தனியா 8 ஜிபி. குறை சொல்ல ஏலாது. ஆனா கொன்சோல் மாதிரி நட்டத்துக்கு விக்கமாட்டம், அதே சக்தியுள்ள பிசி என்ன விலையோ அந்தக் கணக்குத்தான் எண்டு அவங்களே சொல்லிப்போட்டாங்க. இங்க நேரடியா விக்கிறதும் இல்ல, டெக்கே ஆரும் கொண்டுவந்து விக்கிற ஆள் சொல்லுறதுதான் விலை. போதாக்குறைக்கு 2025 கடைசியில இருந்து ராம் விலைய ஏஐ டேட்டா சென்டர்காரங்க எங்கயோ கொண்டுபோய் விட்டுட்டாங்க.

டிஸ்க் கதைக்கு வாறன். டிஸ்க்குக்குள்ள கேம் இருக்கு எண்டு நினைக்கிறீர் பாரும், அது கேமுக்குக் கேம் வித்தியாசம். 2022ல வந்த மொடர்ன் வோர்ஃபெயர் 2 பிஎஸ்5 டிஸ்க்கில இருந்தது ஏதோ 70 எம்பி அளவுதான், மிச்சம் முழுக்க டவுன்லோட். நின்டென்டோ ஸ்விட்ச் 2க்கு 2025ல இருந்து கேம் கீ கார்ட் எண்டு ஒண்டு விக்கிறாங்க, கார்ட்டுக்குள்ள கேமே இல்ல, இறக்குறதுக்கு அனுமதி மட்டும்தான், ஆனா விளையாடேக்க கார்ட்டும் குத்தியிருக்கோணும். டவுன்லோட்டின்ர கரைச்சலும் கார்ட்டின்ர கரைச்சலும் சேர்த்து ஒரே விலைக்கு.

மெல்லிசா வந்த புது பிஎஸ்5ல ட்ரைவ் கழட்டிப் பூட்டுறது, முதல்தரம் பூட்டேக்க இன்டர்நெட் இருந்தாத்தான் கொன்சோல் அதை ஏற்கும். பிஎஸ்4ல இன்னும் ஒரு வேடிக்கை இருந்தது. உள்ளுக்கு இருக்கிற மணிக்கூட்டுப் பற்றரி செத்து, சோனியின்ர சேர்வருக்கும் போகேலாட்டி, டிஸ்க் போட்டாலும் கேம் ஓடாது, ட்ரொபி, அதுதான் கேமில கிடைக்கிற பரிசு, எடுத்த நேரம் பாக்கிற சிஸ்டம் தடுத்துப்போடும். ஆக்கள் கத்தின பிறகு 2021ல 9.00 அப்டேட்டில திருத்தினாங்க. உங்களிட்ட பழைய பிஎஸ்4 இருந்தா அப்டேட் பண்ணி வையுங்க.

மற்றது எங்கட ஊர்க் காத்து. கடக்கரைப் பக்கம் வீடு எண்டா உப்புக்காத்து ஃபேனையும் போர்டையும் தின்னும், மாரி காலத்தில டிஸ்க்கில பூஞ்சணம் பிடிக்கும், எழுதின பழைய டிவிடியள் தானாச் செத்துப்போய் வாறதை மேசையில அடிக்கடி காணுறன். ஃபக்டரியில அடிச்ச புளூரே அவ்வளவு கெதியாப் போகாது, அதுக்காக சாகாவரமும் இல்ல.


கிண்ணியா_நானா:

மாமா சொன்னது எல்லாம் சரி, ஆனா காசுக் கணக்க விட்டுட்டார். தம்பி உப்புவெளி, டிஸ்க் மொடலே எடுங்க, வேற கதையே வேணாம்.

ஏன் எண்டு சொல்றன். புதுக் கேம் 70 டொலர், இண்டைய ரேட்டுக்கு 20 ஆயிரத்துக்கு மேல. டிஸ்க்கா எடுத்தா முடிச்சிட்டு ஒரு நாலஞ்சாயிரம் குறைச்சு அடுத்தவனுக்குக் குடுத்திரலாம், அவன் முடிச்சிட்டு இன்னொருத்தனுக்குக் குடுப்பான். கிண்ணியாவில இருந்து தம்பலகாமம், கந்தளாய் மட்டும் நாங்க ஒரு வட்டம் இரிக்கம், ஒரு டிஸ்க் ஊரெல்லாம் சுத்தி வரும், கடைசியா ஆருட்ட இரிக்கு எண்டு தேடுறதே ஒரு வேலை. டிஜிட்டலா எடுத்தா அந்தக் காசு போனது போனதுதான், ஒருத்தனுக்கும் குடுக்க ஏலாது.

அதோட ஒரு விஷயத்த ஒருத்தரும் சொல்லல்ல. பிளேஸ்டேஷன் நெட்வேர்க் இலங்கைக்கு இல்ல. அக்கவுண்ட் திறக்கிறதெண்டா அமெரிக்கா, இந்தியா, துபாய் எண்டு ஏதோ ஒரு நாட்டச் சொல்லித்தான் திறக்கணும், எங்கட பாங்க் கார்ட் லேசில எடுபடாது, கிஃப்ட் கார்ட் வாங்கணும், விக்கிறவன் அதுக்கு மேல வைக்கிறான். 2024ல ஹெல்டைவர்ஸ் 2க்கு இந்த அக்கவுண்ட் கட்டாயம் எண்டு சோனி சொன்ன உடன 170 சொச்சம் நாட்டில ஸ்டீம்லயே விக்க ஏலாமப் போச்சு, பிறகு கட்டாயம் இல்ல எண்டு பின்வாங்கினாங்க. நாம அந்த 170 சொச்சத்தில ஆக்கள். எனக்குத் தெரிஞ்ச பொடியன் ஒருத்தன் ஓன்லைன்ல ஆரோ வித்த அக்கவுண்ட்ட வாங்கி, அதுக்கு மேல கேம் கேமா வாங்கிப் போட்டு, ஒரு நாள் பழைய சொந்தக்காரன் பாஸ்வேர்ட்ட மாத்திட்டான். எல்லாம் போச்சு. டிஸ்க் இருந்திருந்தா வேற அக்கவுண்ட்ல போட்டு விளையாடியிருப்பான்.

பிஎஸ்5ல பிஎஸ்4 டிஸ்க்கும் ஓடும், அதையும் மறக்காதீங்க. பழைய பிஎஸ்4 கேம் எல்லாம் இப்ப மலிவு, 4ஜி ரவுட்டரோட இரிக்கிற உங்களுக்கு அதுதான் சரி, அநேகமானதுக்கு முழுக் கேமும் டிஸ்க்குக்குள்ளயே இரிக்கும்.


லேக்_இல்லா_லோகன்:

அண்ணாமார் டிஸ்க் டிஸ்க் எண்டு 2005ல நிக்கிறீங்க 😂 எங்கட செட்டில ஒருத்தனும் கேமுக்குக் காசே குடுக்கிறேல்ல, வலோரன்ட், ஃபோர்ட்நைட் எல்லாம் ஃப்ரீ, மகன் கேக்கப்போறதும் அதைத்தான் பாருங்க. ஸ்டீம் மெஷினே எடுங்க அண்ணா, ஃபியூச்சர் அதுதான்.


சோல்டரிங்_மாமா:

லோகன், ஃபியூச்சர் எண்டு சொல்லி அந்தாளைக் கிணத்துக்க தள்ளாதேயும். நீர் சொன்ன ரெண்டு கேமும் ஸ்டீம் மெஷினில இருக்கிற ஸ்டீம் ஓஎஸ்ஸில ஓடாது, அது லினக்ஸ் வகை. வலோரன்ட்டின்ர வேன்கார்ட், அதுதான் கள்ளமா விளையாடுறவனைப் பிடிக்கிற அன்டி சீட், பிசியில விண்டோஸ் இல்லாம எழும்பாது, ஃபோர்ட்நைட்டுக்கு லினக்ஸ் ஆதரவு குடுக்கமாட்டம் எண்டு அதைச் செய்யிற எபிக் நிக்குது. ஈஏயின்ர ஃபுட்போல் கேமும் எஃப்சி 25ல அன்டி சீட்டால அங்க ஓடேல்ல. உப்புவெளித் தம்பி, மகன் ஃபோர்ட்நைட் கேக்கிறவர் எண்டா பிசியில விண்டோஸ் போடும், இல்லாட்டி பிஎஸ்5 எடும். சண்டை பிடிக்காதேங்க எண்டு சொன்னீர், இது சண்டை இல்ல, பிள்ளை வீட்டில அழுறதைப் பற்றின விஷயம்.


நிலாவெளி_அக்கா:

வேலையால வந்து இப்பத்தான் வாசிச்சன். உப்புவெளிக்காரன் கேட்டதில ரெண்டாவது கேள்விக்கு ஒருத்தரும் மறுமொழி சொல்லேல்ல, அதால நீட்டமா எழுதுறன், பொறுத்துக்கொள்ளுங்க.

ஸ்டீம்ல காசு கட்டுற இடத்தில 2024 ஒக்டோபர்ல இருந்து அவங்களே எழுதி வச்சிருக்கிறாங்க, நீங்க எடுக்கிறது லைசன்ஸ் மட்டும்தான் எண்டு. நல்ல மனசில எழுதேல்ல. கலிபோர்னியாவில அந்த வருஷம் ஒரு சட்டம் போட்டாங்க, லைசன்ஸ விக்கிறவன் அதை மறைச்சு சொந்தமா விக்கிற மாதிரிக் காட்டக்கூடாது எண்டு, அது 2025 ஜனவரியில இருந்து அமுல். அந்த அக்கவுண்ட்ட வேற ஆளுக்கு மாத்தவும் ஏலாது, உயில் எழுதினாலும் செல்லாது எண்டுதான் ஸ்டீம் சப்போர்ட் சொல்லுது. இருக்கேக்க குடும்பமாப் பாவிக்கலாம், ஒரே வீட்டில ஆறு பேர் வரைக்கும் சேரலாம், ஒருத்தர் ஒரு கேமை விளையாடேக்க மற்றவர் வேற கேமை எடுக்கலாம். அது நல்ல வசதி, மகனுக்கும் உங்களுக்கும் அது காணும். ஆனா நீங்க கேட்டது பதினைஞ்சு வருஷக் கதை.

த க்ரூ எண்டு யூபிசொஃப்ட்டின்ர கார் கேம் ஒண்டு, 2014ல வந்தது. தனிய ஓடுறதெண்டாலும் சேர்வர் வேணும். 2024 மார்ச் 31ல சேர்வர நிப்பாட்டினாங்க, பிறகு வாங்கின ஆக்களின்ர லைசன்ஸையும் இழுத்தெடுத்தாங்க. டிஸ்க் வச்சிருந்தவங்களுக்கும் அதே கதிதான், நானா இதைக் கவனியுங்க, டிஸ்க் அலுமாரியில இருக்கு, கேம் இல்ல. அந்தக் கோவத்தில ரோஸ் ஸ்கொட் எண்டவர் தொடங்கின ஸ்டொப் கில்லிங் கேம்ஸ் இயக்கத்துக்குத்தான் 2025 ஜூலையில ஐரோப்பாவில பத்து லட்சம் கையெழுத்துத் தாண்டினது. கொம்பனி கடைய மூடேக்க கேமை ஏதோ ஒரு வகையில ஓடுற நிலையில விட்டுட்டுப் போ எண்டுதான் கேக்கிறாங்க, சேர்வர ஆயுசுக்கும் நடத்து எண்டு இல்ல.

பழசுகள் இன்னும் மோசம். வீடியோ கேம் ஹிஸ்டரி பவுண்டேஷன் 2023ல ஒரு ஆய்வு விட்டது, 2010க்கு முதல் அமெரிக்காவில வந்த கேமுகள்ல 87 வீதம் அந்த நேரம் எந்தக் கடையிலயும் முறையா வாங்கேலாம இருந்தது. நின்டென்டோவின்ர 3டிஎஸ், வீ யூ ஓன்லைன் கடை 2023ல பூட்டினது, எக்ஸ்பொக்ஸ் 360 கடை 2024ல பூட்டினது. முதலே வாங்கினத இப்பவும் இறக்கலாம் எண்டுதான் சொல்லுறாங்க, அது எவ்வளவு காலத்துக்கு எண்டு அவங்கட கையில.

அதால எனக்கு ரெண்டு சோதனைதான். ஒண்டு, இதை நான் இன்னொரு ஆளுக்குக் குடுக்கேலுமோ. மற்றது, ஒருத்தரிட்டயும் கேக்காம இது ஓடுமோ. நல்ல டிஸ்க் முதலாவதில கட்டாயம் பாஸ், ரெண்டாவது கேமைப் பொறுத்தது. ஸ்டீம் முதலாவதில பெயில், ரெண்டாவதில அரைவாசி, ஏனெண்டா ஓஃப்லைன் மோட் இருக்கு, சில கேம் ஃபோல்டரைக் கொப்பி பண்ணி வச்சா ஸ்டீம் இல்லாமலே ஓடும், சிலது ஓடாது. ரெண்டாவதில முழுசாப் பாஸ் பண்ணுறது ஜிஓஜி எண்ட ஓன்லைன் பிசி கேம் கடை. அங்க வாங்கினா இன்ஸ்டோலரையே இறக்கி ஹார்ட் டிஸ்க்கில போட்டு வைக்கலாம், நாளைக்கு அந்தக் கடையே இல்லாட்டியும் அது ஓடும். காகிதத்தில அதுவும் லைசன்ஸ்தான், ஆனா உங்கட ஹார்ட் டிஸ்க்குக்குள்ள வந்து ஆரும் பிடுங்க ஏலாது. குறை என்னெண்டா எல்லாக் கேமும் அங்க வராது, பெரிய ஓன்லைன் கேமுகள எதிர்பாக்காதேங்க.

இன்னொண்டு சொன்னா கோவிக்கக்கூடாது. எங்கட காலத்தில கேம் கையில இருந்தது எண்டு எழுதியிருக்கிறீங்க. என்னெண்டு இருந்தது? கொப்பி டிஸ்க் ஓடுறதுக்குச் சிப் அடிச்ச பிஎஸ்2ம் பொலித்தீன் உறைக்குள்ள எழுதின டிவிடியும்தானே, ஒரிஜினல் டிஸ்க்க இந்த ஊரில எத்தின பேர் கண்டது. எங்களுக்குச் சொந்தம் எண்டது கடைக்காரன் தந்த உரிமை இல்ல, ஆளுக்காள் மாத்தினம், அவ்வளவுதான். அதனாலதான் கிண்ணியா நானாவின்ர வட்டம் எனக்குப் பிடிச்சிருக்கு, இப்ப அதை ஒரிஜினல் டிஸ்க்கில செய்யுறார்.


கிண்ணியா_நானா:

அக்கா 😄 பிஎஸ்2 கதைய வெளியால எடுக்காதீங்க. த க்ரூ விஷயம் சரிதான், ஓன்லைன் இல்லாம ஓடாத கேமை டிஸ்க்ல எடுத்தும் பிரயோசனம் இல்ல, நாங்க வட்டத்துக்குள்ளயும் அப்பிடிக் கேமை எடுக்கிறதில்ல. ஆனா டிஸ்க்கத் தானா விட்டுக்குடுக்கக் கூடாது. 2013ல மைக்ரோசொஃப்ட் எக்ஸ்பொக்ஸ் வன்ல 24 மணித்தியாலத்துக்கு ஒருக்கா இன்டர்நெட்ல செக் பண்ணணும், டிஸ்க்க நினைச்ச மாதிரி குடுக்க விக்க ஏலாது எண்டு கொண்டுவரப் பாத்தாங்க. ஆக்கள் விட்ட சத்தத்தில வெளிய வர முதலே, அந்த ஜூன் மாசமே கைவிட்டாங்க. சோனிக்காரன் கேமை மற்றவனுக்குக் குடுக்கிறது எப்பிடி எண்டு, டிஸ்க்க ஒருத்தன் மற்றவன்ர கையில குடுக்கிற மாதிரி வீடியோ எடுத்துப் போட்டு நக்கலடிச்சான். அதே சோனிதான் இப்ப ட்ரைவ் இல்லாம ப்ரோ விக்கிறான்.


உப்புவெளிக்காரன்:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு வரும் எண்டு நினைக்கேல்ல. மகனிட்டக் கேட்டன், ஃபோர்ட்நைட்தான் வேணுமாம், அதோட ஃபுட்போல். அதால ஸ்டீம் மெஷின் இப்போதைக்கு இல்ல. அக்கா சொன்ன பிஎஸ்2 விஷயத்துக்கு நான் வாய் திறக்கேல்ல.

இப்ப யோசிக்கிறது, பிஎஸ்5 டிஸ்க் மொடல் ஒண்டு, பாவிச்சதெண்டாலும் பரவாயில்ல. தனிய விளையாடுற கதைக் கேமுகள நானாவின்ர வட்டத்தில எடுக்கிறது. எனக்கு உண்மையிலயே வச்சிருக்கோணும் எண்ட பழைய பிசிக் கேமுகள ஜிஓஜியில கொஞ்சம் கொஞ்சமா எடுத்து, வீட்டில கிடக்கிற பழைய லப்டொப்பில போடுறது. மாமா, இன்ஸ்டோலர் சேக்க எந்த ஹார்ட் டிஸ்க் நல்லம், எஸ்எஸ்டியோ பழைய மாதிரியோ? இந்த உப்புக்காத்துக்குள்ள எது நிக்கும்?


சோல்டரிங்_மாமா:

சேத்து வைக்கிறதுக்கு எஸ்எஸ்டி வேணாம். கனகாலம் கரண்ட் இல்லாமக் கிடந்தா அதில இருக்கிறது அழிய இடமிருக்கு, அது தினசரிப் பாவிப்புக்குத்தான். சாதாரண சுத்துற ஹார்ட் டிஸ்க் ரெண்டு எடும், ஒண்டு காணாது, ரெண்டிலயும் ஒரே சாமானைப் போட்டு ஒண்டை வேற வீட்டில வையும். மூடி இறுக்கமான டப்பாவுக்குள்ள சிலிக்கா ஜெல் பக்கெட் போட்டு வச்சாப் போதும், ஜெல்லை இடைக்கிடை மாத்தும். வருஷத்தில ஒருக்காவாவது ரெண்டையும் குத்தி, ஃபைல் திறக்குதோ எண்டு பாக்கோணும், பாக்காம வச்சிருந்தா வச்சிருக்கிறதுக்கு அர்த்தம் இல்ல.

பாவிச்ச பிஎஸ்5 எடுக்கிறதெண்டா ட்ரைவ் டிஸ்க்க இழுக்குதோ, வெளிய தள்ளுதோ எண்டு நிண்டு பாத்து எடும், ஃபேன்ல துரு இருக்கோ எண்டு டோர்ச் அடிச்சுப் பாரும். கழட்டிப் பூட்டுற ட்ரைவ் வந்த மொடல் எண்டா விக்கிறவர் பூட்டி ஓடவிட்டுக் காட்டட்டும், சும்மா பெட்டிய நீட்டினா வாங்காதேயும். அதோட கரண்ட் வெட்டி வெட்டி வாற இடம் எண்டா யூபிஎஸ் ஒண்டும் சேத்து யோசியும், அப்டேட் ஓடேக்க கரண்ட் போய் வந்த பெட்டி ரெண்டு இப்பவும் என்ர மேசையில கிடக்கு.


கிண்ணியா_நானா:

தம்பி, பெட்டி எடுத்ததும் உள்பெட்டிக்கு ஒரு மெசேஜ் போடுங்க, வட்டத்தில சேத்து விடுறன். சேர்றதுக்கு ஒரு டிஸ்க் கொண்டு வரணும், அதுதான் கட்டணம். ஃபுட்போல் டிஸ்க் மட்டும் கொண்டு வராதீங்க, அது எங்களுட்ட குவிஞ்சு கிடக்கு.